பதினேழுக்கு ஏழு

பன்னிரண்டுக்கு இருபது என்றுதான் முதலில் ஆசை.
ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து
பிளேடால் ஜன்னல்கள் வெட்டினேன்:
எட்டுக்குப் பத்து, பதினாலுக்குப் பதினேழு,
பன்னிரண்டுக்கு இருபது,
வெறி பிடித்து ஒன்று, இருபதுக்கு இருபத்துநாலு.
"சுவரு எங்கடி?" என்றாள் தையல்நாயகி.

இந்தக் கேமராவில் பெரிதாக்குவது கிடையாது.
ஃபிலிமைத் தாளோடு சேர்த்து அழுத்தி விளக்கைப் போட்டால்
ஃபிலிம் எவ்வளவோ படமும் அவ்வளவு.
இன்று அரை அங்குலம் விட்டால்
அந்த அரை அங்குலத்து ஊர் இல்லாமலே போகும்.

ஞாயிற்றுக்கிழமை
மொபெட்டில் அட்டைகளைக் கட்டிக்கொண்டு
திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே முள்ளியாற்றுக் கரை.
பெரிய அட்டையைத் தூக்கியதும்
காற்று பிடுங்கி வாய்க்காலில் எறிந்தது.
நல்லவேளை, அட்டை.
பெட்டியாக இருந்தால் நானும் கூடப் போயிருப்பேன்.

எட்டுக்குப் பத்தில் ஒரு பனைமரம்
பாஸ்போர்ட் படம் மாதிரி அடக்கமாக நின்றது.
ஆனால் எங்கள் ஊர் நிற்கிற ஊர் இல்லை,
படுத்திருக்கிற ஊர்.
இங்கே மலை வரைகிற பிள்ளைகள்
புத்தகத்தைப் பார்த்துத்தான் வரையும்.

பன்னிரண்டுக்கு இருபதில் எல்லாம் இருந்தது.
அந்த ஃபிலிம் வருஷத்துக்கு ஒருமுறை,
அதுவும் முன்பணம் கட்டினால்தான் வெட்டித் தருவார்களாம்.
விலையைக் கேட்டதற்குப் பிறகு
அந்த அட்டைமேல் இட்லித்தட்டை ஆற வைக்கிறேன்.

நான் நெஞ்சுப் படம் எடுக்கிறவள்.
பத்தொன்பது வருஷம்: இழுங்க, பிடிங்க, விடுங்க.
தை மாதம் ஸ்கேன் சென்டருக்குக் கம்ப்யூட்டர் மிஷின் வந்தது.
பிரிக்காத எக்ஸ்ரே ஃபிலிம் பதினோரு பெட்டி,
தேதி முடிந்து இரண்டு வருஷம்.
"எடைக்குப் போட்டுடு" என்றார் டாக்டர்.
போடவில்லை.
பதினாலுக்குப் பதினேழு.
யாரோ ஒரு மனித நெஞ்சை அளந்து வைத்த அளவு அது.

லென்ஸ், கும்பகோணத்து அச்சகத்தில்
கல்யாணப் பத்திரிகைக்கு பிளாக் எடுத்த பழைய லென்ஸ்.
அறையை இருட்டாக்கிச் சுவரில் விழவைத்து அளந்தேன்.
வெளிச்ச வட்டம் பத்தொன்பது அங்குலம்.
முழு ஃபிலிமுக்கு நாலு மூலையும் இருட்டு.
நடுவில் நீளவாக்கில் அறுத்தால்
பதினேழுக்கு ஏழு; மூலைக்கு மூலை வெளிச்சம்.
ஒன்று இரண்டாகும், கணக்குக்கு லாபம்.
ஆனாலும் சிவப்பு விளக்கடியில்
கட்டரை வைத்தபோது கை நின்றது.
வலது நுரையீரல் ஒரு துண்டு,
இடது ஒரு துண்டு.

ஐப்பசி. சம்பா நடவு.
வரப்பில் ஏழங்குல ஜன்னலைப் பிடித்துப் பார்த்தேன்.
மேலே தொங்கிக்கொண்டிருந்த வீண் வானம் போயிருந்தது.
பதின்மூன்று பேரும் இருந்தார்கள்,
கடைசியில் சிவப்புப் புடவையில் அஞ்சம்மாள்.
"இந்த ஃபிலிமுல செவப்பு கறுப்பா விழும்க்கா."
"அப்ப ஊதா கட்டிட்டு வரவா?"
"ஊதா வெள்ளையாயிடும்."
"ஒங்க பொட்டிக்கு ஒண்ணுமே தெரியாதா?"

நடுவிலிருந்து ஒருத்தி நிமிர்ந்தாள்.
"நீங்கதானே எனக்குச் சளி படம் எடுத்தது?"

எனக்கு முகம் நினைவில்லை.
முகத்தை எங்கே பார்த்தேன்?
அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி, பழக்கதோஷம்,
இழுங்க என்றேன். பிடிங்க என்றேன்.
பதின்மூன்று பேர், கையில் நாற்று முடியோடு,
சேற்றில் அப்படியே நின்றார்கள்.
வெறும் அட்டைக்கு.
விடுங்க சொல்ல மறந்துபோனேன்.
அஞ்சம்மாள்தான் கத்தினாள்:
"யம்மா, கால் பொதையுது."

திரும்பும் வழியில்
ஆசாரி இருதயராஜுக்கு போன் போட்டேன்.
பதினேழுக்கு ஏழு, தேக்கு, கனம் கூடாது.
பின்னால் இழைப்பு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.
அதை நிறுத்திவிட்டுக் கேட்டார்:
"உள்ளளவா, வெளியளவா?"